'கட்டாதே' என்றால் மட்டும் போதுமா?

கோயிலைக் காக்க வேண்டும் என்கிறார்கள். வேண்டாம் என்றவர் யார்? மலையைக் காக்க வேண்டும் என்கிறார்கள், மறுப்பவர் யார்? ஆனால், "இங்கே கட்டாதே!" என்று உரத்து முழங்கும் சட்டம், "அங்கே கட்டிக்கொள்" என்று மெல்லவும் சொல்வதில்லையே, ஏன்? திருவண்ணாமலைத் தோழர்கள் கேட்டாக வேண்டிய கேள்வி இது.

2002ஆம் ஆண்டை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். மத்திய சர்க்காரின் தொல்பொருள் துறை, அருணாசலேசுவரர் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னம் என்று கூறித் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள முனைந்தது. அத்தகைய சின்னத்தைச் சுற்றி ஒரு தடைக்கோடு உண்டு. 1992ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி, சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதியின்றிக் கூடாது. ஆக, 300 மீட்டர்!

அந்த 300 மீட்டருக்குள் இருப்பது என்ன, பொட்டற்காடா? தேரடி வீதி இருக்கிறது. பே கோபுரத் தெரு இருக்கிறது. வட ஒத்தவாடைத் தெரு இருக்கிறது. பூக்கடையும் பாத்திரக்கடையும் இருக்கின்றன. மகனுக்குக் கலியாணம் ஆனதும், அப்பன் கட்டிய வீட்டின்மேல் ஓர் அறை எழுப்ப நினைக்கும் குடும்பம் இருக்கிறது. இவர்களை ஒரு வார்த்தை கேட்டார்களா?

ஊர் எதிர்த்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 2004இல் மத்திய சர்க்கார் பின்வாங்கிற்று. கோயில் அறநிலையத் துறையிடமே நின்றது. அந்த மீட்டர்க் கணக்கோ 2010இல் பார்லிமெண்டுச் சட்டமாகவே ஆகிவிட்டது. தடைப் பகுதியில் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்! ஊர் அன்று வாளாவிருந்திருந்தால், இன்று மாட வீதிக்காரன் கதி என்ன?

"அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாம் என்கிறாயா?" என்று கேட்பார்கள். இல்லை! 2024 டிசம்பர் 1ஆம் தேதியை மறந்துவிட்டா பேசுகிறோம்? ஃபெஞ்சல் புயல் மழையில் மலை சரிந்தது. வ.உ.சி. நகரில் பாறையும் சேறும் வீட்டை மூடின. மாண்டவர் 7 பேர். அவர்களில் 5 பேர் குழந்தைகள்! நீர் இறங்கும் சரிவில் வீடு கூடாது என்று விதி வேண்டும். கண்டிப்பான விதியே வேண்டும்.

ஆனால், மலைச்சரிவில் ஏழை ஏன் வீடு கட்டுகிறான்? காட்சி அழகாக இருக்கிறது என்றா? பௌர்ணமிக் கூட்டம் பெருகப் பெருக விடுதிகள் பெருகின. விடுதிகள் பெருகப் பெருக மனை விலை ஏறிற்று. பாறைக்கு அடியில்தான் அவன் கைக்கு எட்டிய மண் கிடைத்தது. அவனை அங்கிருந்து எழுப்புகிற சட்டம், வேலைக்கு நடந்து போகும் தொலைவில் மாற்று மனை தராவிட்டால், அவன் வேறொரு சரிவுக்குத்தான் போவான்.

2024 ஜூலையில் தமிழக அரசு ஒரு நல்ல வழி திறந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட, சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி. மனை உள்ளவனுக்கு வழி பிறந்தது, மனையே இல்லாதவனுக்கு?

2024இல் திருவண்ணாமலை மாநகராட்சியாயிற்று. ஊர் விரியும், புதுப்புதுத் திட்ட வரைபடங்கள் வரும். எது குடியிருப்பு, எது வியாபாரப் பகுதி, எது கட்டக்கூடாத நிலம் என்று நிறம் தீட்டுவார்கள். அந்த நிறத்தில் இருக்கிறது நம் பிள்ளைகளின் கூரை! 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம், திட்டத்தின்மீது ஆட்சேபம் சொல்லப் பொதுமக்களுக்கு உரிமை தந்திருக்கிறது. கையில் இருக்கும் ஆயுதத்தை ஏன் துருப்பிடிக்க விடுவது?

தோழர்களே! வரைபடம் வெளிவந்தால் வார்டுதோறும் விரித்து வையுங்கள். தெருத்தெருவாகப் படித்துக் காட்டுங்கள். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். விடுதிக்கும் குடிசைக்கும் ஒரே அளவுகோல், எழுப்புமுன் மாற்று மனை: இந்த இரண்டையும் கேளுங்கள். சலுகையல்ல இவை, நம் உரிமை!