எச்சரிக்கை மணி யார் காதில் விழ வேண்டும்?

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அந்த ஆலையின் விதிமீறல்கள் அதிகாரிகளுக்குத் தெரிந்தவைதான். ஆய்வு நடந்திருந்தது, உரிமம்கூட நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. வேலை மட்டும் நிற்கவில்லை. பணியிடப் பாதுகாப்பைச் செயற்கை நுண்ணறிவு காப்பாற்றிவிடும் என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் முதலிப்பட்டியை நினைத்துக்கொள்வது நல்லது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2025ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு நாளுக்கு இந்தத் தொழில்நுட்பத்தையே கருப்பொருளாக வைத்தது. ஆலைகளில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை, தெரிந்தால் விபத்து குறையும் என்ற நம்பிக்கை இந்தப் பேச்சுக்கு அடியில் இருக்கிறது. ஆனால், பெரிய விபத்துகளின் விசாரணை அறிக்கைகள் வேறு கதை சொல்கின்றன. ஆபத்து யாருக்காவது முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தவருக்கு வேலையை நிறுத்த மனமில்லை. உள்ளே நின்றவருக்கு நிறுத்தும் அதிகாரமில்லை. இதை மாற்றாத எந்தக் கருவியும் பதிவேட்டை அழகாக்குவதோடு நின்றுவிடும்.

விசாகப்பட்டினம் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையைப் பாருங்கள். 2020 மே 7 அதிகாலை அங்கிருந்து கசிந்த ஸ்டைரீன் ஆவிக்கு 12 பேர் பலியானார்கள். ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு விசாரித்தபோது, தொட்டியின் அடிப்பகுதியில் மட்டுமே வெப்பநிலை அளக்கப்பட்டது என்பது தெரிந்தது. மேலே சூடேறிக்கொண்டிருந்ததை அளக்க அங்கே எதுவும் இல்லை. கருவி பழுதாகவில்லை, தன்னை வைத்த இடத்தின் வெப்பத்தைத்தான் காட்டியது. ஆலையில் 36 இடங்களில் சைரன் ஒலிக்கச் செய்ய வழி இருந்தும் ஒன்றுகூட இயக்கப்படவில்லை என்றும் அந்தக் குழு எழுதியது. பணக்கார நாடுகளிலும் இதே கதைதான். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். தவறான எச்சரிக்கைகளால் இரவில் தூக்கம் கெடுகிறது என்பதற்காக, பொது எச்சரிக்கை தானாக ஒலிக்காதபடி மாற்றி வைத்திருந்தார்கள் என்று அங்கு பணியாற்றிய தலைமை மின்னணுத் தொழில்நுட்பப் பணியாளர் விசாரணையில் சாட்சி சொன்னார். அந்த மேடையின் ஏழாண்டுப் பாதுகாப்புச் சாதனையைப் பாராட்ட மேலதிகாரிகள் அன்றைக்குத்தான் வந்திருந்தார்கள்.

ஆய்வாளர் ஆண்டுக்கு ஒரு முறை வந்தாலே அதிகம், சென்சார் இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருக்குமே என்று கேட்கலாம். உண்மைதான். வாயுக் கசிவையும் பாய்லர் அதிர்வையும் மனிதனுக்கு முன்பே இயந்திரம் கண்டுபிடிக்கும். அந்த இடத்தில் அதை வேண்டாம் என்பது பைத்தியக்காரத்தனம். ஆனால், ஹெல்மெட் போடாத தொழிலாளியைப் பிடித்துக் கொடுக்கும் கேமராவுக்கும் இதே பாதுகாப்பு முத்திரைதான் குத்தப்படுகிறது. தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்று கேமரா பார்க்கும். செலவு மிச்சம் என்று தள்ளிப்போட்ட பராமரிப்பும், பன்னிரண்டு மணி நேர ஷிப்டும், உரிமத்தை உள்குத்தகைக்கு விட்ட ஒப்பந்தமும் அதன் கண்ணில் படாது. அவை அலுவலக அறைக்குள் எடுத்த முடிவுகள். கண்ணில் பட்டவன் மீது பழி விழுவது எளிது. பணியிடத்தில் ஊழியரின் உணர்ச்சிகளை அளக்கும் மென்பொருளை 2025 பிப்ரவரி முதல் தடை செய்த ஐரோப்பிய ஒன்றியமே, மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் விலக்கு வைத்திருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் எது வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம்.

இந்தியாவில் 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, எந்த ஆலையை ஆய்வு செய்வது என்பதைக் கணினியே குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க வழி செய்கிறது. மாமூல் வாங்கப் போகும் ஆய்வாளரைத் தடுக்க இது உதவும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணினி தன் பட்டியலில் உள்ளதைத்தான் குலுக்கும். மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 20 பேர், இல்லாத இடத்தில் 40 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்று வரம்பை இரட்டிப்பாக்கிவிட்டு, திரையில் எல்லாம் தெரிகிறது என்று சொல்ல முடியாது. முன்னறிவிப்பின்றி எந்த நேரத்திலும் ஆலைக்குள் நுழையும் உரிமை ஆய்வாளருக்கு உண்டு என்கிற சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 1949இலேயே ஏற்றிருக்கிறது. அந்த உரிமையைக் குலுக்கல் சீட்டுக்குள் முடக்கக் கூடாது.

ஆய்விலும் சென்சாரிலும் கிடைக்கும் பாதுகாப்புத் தரவுகளை வெளியே விட்டால் வழக்கு வரும், வாடிக்கையாளர் போய்விடுவார் என்பது முதலாளிகளின் அச்சம். வங்கதேசத்தில் அப்படி நடக்கவில்லை. 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. ஆடைத் தொழிலாளர்களை வேலைக்கு வரச் சொன்னார்கள். விரிசலை இரு தரப்பாரும் பார்த்தார்கள், வெளியேறும் வாய்ப்பு ஒரு தரப்புக்கு மட்டுமே கிடைத்தது. அதன்பின் ஏற்பட்ட ஒப்பந்தப்படி 1,600க்கும் மேற்பட்ட ஆலைகளின் ஆய்வறிக்கைகள் பெயரோடு பொதுவெளியில் வைக்கப்பட்டன. ஏற்றுமதி படுத்துவிடவில்லை, வளர்ந்தது.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கும் உரிமையைப் புதிய சட்டம் தொழிலாளிக்குத் தருகிறது. சென்சாருக்கும் அதே விதியை வைக்க வேண்டும். அது எழுப்பும் எச்சரிக்கை மேலாளரின் திரைக்குப் போகும் அதே நொடியில் ஆலையின் பாதுகாப்புக் குழுவுக்கும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் போக வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் போனுக்கு அவர் மொழியில், ஒடியாவோ இந்தியோ, வர வேண்டும். எச்சரிக்கையை நிறுத்தியவர் யார் என்பது அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும். அதைக் கேட்டு வெளியே வந்தவரின் கூலியைப் பிடிக்கக் கூடாது. இந்த நிபந்தனைகளைத் தமிழ்நாடு அரசு தன் விதிகளிலேயே எழுதிவிடலாம். இவற்றை ஏற்காத ஆலைக்கு, எவ்வளவு நவீனமான கருவி வாங்கினாலும், மானியமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.