விற்கிறவன் தோற்றவனா?

சித்தூரிலோ திருப்பதியிலோ தொழில் நடத்துகிறவரிடம் கம்பெனியை விற்பது பற்றிப் பேச்செடுத்தால் முகம் சுருங்கிவிடும். "நல்லா ஓடுறதை எவனாவது விப்பானா? அந்த நேரம் வந்தா பாத்துக்கலாம்" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்க் கதைகளே அதற்கு ஒத்துவரவில்லை.

விற்பது தோல்வி என்கிறார்களே, திருப்பதிக்குப் பக்கத்தில் கரகம்பாடியில் இருக்கும் அமர ராஜாவைப் பார்க்கலாம். 1985இல் பிறந்த பேட்டரி கம்பெனி அது. 1997இல் அமெரிக்காவின் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் 26 சதவீதப் பங்கோடு உள்ளே வந்தது. தொழில்நுட்பமும் கூடவே வந்தது. அமரான் பேட்டரி கடைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். கால்பங்கைக் கைமாற்றியதால் கம்பெனியை நடத்திய குடும்பம் தெருவுக்கு வந்துவிடவில்லை.

'நல்ல விலை வந்தால் போதும்' என்பது அடுத்த வாதம். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானதாகப் படுகிறது. சந்திரபாபு நாயுடு 1992இல் தொடங்கிய ஹெரிடேஜ், பால் வியாபாரத்தோடு மளிகைக் கடைகளும் நடத்தியது. கடைகளில் லாபம் இல்லை. 2016இல் அவற்றை ஃபியூச்சர் ரீடெய்லிடம் ஒப்படைத்துவிட்டுப் பாலிலேயே நின்றது. அது சரியான முடிவு. ஆனால் விலை ரொக்கமாக வரவில்லை, ஃபியூச்சரின் 3.65 சதவீதப் பங்காக வந்தது. அன்றைய மதிப்பு சுமார் 295 கோடி ரூபாய். 2017 கடைசியில் அந்தப் பங்கு ஐந்நூறு ரூபாயைத் தாண்டியது. 2020 மார்ச்சில் நூறுக்கும் கீழே விழுந்தது. 2022இல் ஃபியூச்சர் ரீடெய்லே திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை ஒன்று, கையில் நிற்கிற பணம் வேறொன்று. எந்த வடிவில் விலையை வாங்குவது, எப்போது அதைக் காசாக்குவது என்பதை விற்பதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

'சொத்து எங்கே போய்விடும்' என்போருக்குச் சித்தூர் பால் பண்ணை. கூட்டுறவுப் பண்ணைதான், தனியார் சொத்து இல்லை. இருந்தாலும் பாடம் ஒன்றே. 2002இல் மூடினார்கள். அங்கே அமுலுக்காக அடிக்கல் நாட்டியது 2023 ஜூலையில். இருபது வருடம் பூட்டிக் கிடந்த இடத்துக்கு அமுல் பெயர் வந்தது. பழைய ஓட்டம் வந்ததா?

கடைசியாக அந்தப் 'பாத்துக்கலாம்'. தோத்தாபுரி மாம்பழக் கூழ் ஆலை ஒன்றை வாங்க ஆள் வந்தால் வழக்கமாக நடப்பது இதுதான். ஜூன், ஜூலையில் ராப்பகலாய் ஓடும் ஆலை. டிரம் டிரம்மாய்க் கூழ் அடுக்கியிருக்கும். முதலாளி பெருமையாகச் சுற்றிக் காட்டுவார். வந்தவர் எந்திரத்தை ஒரு நிமிடம் பார்ப்பார், பேப்பரை ஒரு மணி நேரம் பார்ப்பார். நிலத்தின் பட்டாதார் பாஸ் புத்தகம் இன்னும் செத்துப்போன அப்பா பெயரில் இருக்கும். தம்பிகள் இருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவரோடு பேச்சுவார்த்தையே இல்லை. பாதி வரவு சிட்டையில், மீதி முதலாளியின் தலைக்குள். எந்த மண்டிக்காரருக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்டால் அவரே வந்து வாயால் சொல்ல வேண்டும்.

வந்தவர் டீயைக் குடித்துவிட்டு, "பேப்பர் சரியானதும் ஒரு போன் போடுங்கண்ணா" என்று எழுந்துகொள்வார். அடுத்த சீசனுக்குள் கிருஷ்ணகிரியில் வேறொரு ஆலைக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார்.