குணமானவர்கள் ஏன் மூச்சு வாங்குகிறார்கள்?



கொரோனாவுக்கான உலகளாவிய அவசரநிலை முடிவுக்கு வந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் நாள் அறிவித்தது. அத்துடன் நாமும் அந்த நாட்களை மறக்கத் தொடங்கிவிட்டோம். ஆனால் அன்று கடுமையாக நோயுற்றுப் பிழைத்தவர்களில் சிலர் இன்னும் முழுமையாக நலமடையவில்லை. கொல்லிமலையின் எடப்புளி நாடு போன்ற இடங்களில் வாழ்வோர் இதைப் பற்றிச் சிறப்பாகச் சிந்திக்க வேண்டும்.

நம் நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப்பைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர் வழியாகவே ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கிறது. கொரோனா, பன்றிக்காய்ச்சல் போன்ற வைரஸ்கள் கடுமையாகத் தாக்கும்போது இச்சுவர்கள் புண்படுகின்றன. பலருக்குச் சில மாதங்களில் ஆறிவிடுகிறது. சிலருக்கோ தழும்பு விழுந்து சுவர் தடித்துப்போகிறது. உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. மேடு ஏறினால் மூச்சு வாங்கும்.

முதல் அலையில் நோயுற்ற 207 பேரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஆய்வு செய்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுள் 44 விழுக்காட்டினருக்கு ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கும் திறன் குறைந்திருந்தது. 35 விழுக்காட்டினருக்கு நுரையீரல் முழுமையாக விரியவில்லை. ஐரோப்பியரிடமும் சீனரிடமும் கண்டதைவிட இப்பாதிப்பு அதிகம் என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

கொல்லிமலை ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. 1,200 மீட்டர் உயரத்தில், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. நல்ல நுரையீரல் இதைச் சமாளித்துவிடும். தழும்பேறிய நுரையீரலுக்கு இது பெரும் சுமை. விறகடுப்புப் புகையும் சேர்ந்துகொண்டால் பெண்களின் நிலை இன்னும் கடினம். மிளகும் மரவள்ளியும் தலைச்சுமையாக வரும் மலையில் மூச்சு குறைந்தால் கூலியும் குறைகிறது. விவரம் அறியாதவர்கள் இதைச் சோம்பல் என்றும் வயது என்றும் சொல்லிவிடுகிறார்கள். உழைத்துப் பழகியவருக்கு நோயைவிட இச்சொல்லே அதிகம் வலிக்கும்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பெரிய மருத்துவமனைக்குச் செல்வது எல்லாருக்கும் எளிதல்ல. ஆனால் முதல் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியால் உட்கார்ந்திருக்கும்போது ஒரு முறையும், சில நிமிடங்கள் நடந்தபின் ஒரு முறையும் அளக்க வேண்டும். அளவு 4 புள்ளிகளோ அதற்கு மேலோ இறங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வருகிறார்கள். மலை ஊர்களில் மூச்சையும் அவர்கள் அளந்து பார்த்தால் பலருக்குப் பயன்படும். கிராம சபையில் நாம் இதைக் கோரிக்கையாக வைக்கலாம்.

தழும்பை முற்றிலும் நீக்க முடியாமல் போகலாம். என்றாலும் மூச்சுப் பயிற்சியும், நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டும் நடையும் உடலுக்குத் தெம்பைத் தரும். பீடியை விட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் தேவை.

கொரோனாவில் மருத்துவமனை சென்று திரும்பியவர்கள் யார் யார் என்பது நம் அன்பியங்களுக்குத் தெரியும். இந்த வாரம் அவர்கள் வீட்டுக்குச் செல்வோம். "நலமா?" என்பதோடு நில்லாமல், "மேடு ஏறும்போது எப்படி இருக்கிறது?" என்றும் கேட்போம்.