புகையூட்டிய கை யாருடையது?

சென்ற மாதம் தாம்பரத்தில் நண்பர்கள் கூடியிருந்தபோது, செம்பாக்கத்து மொட்டை மாடியில் நாம் கரியடுப்பு வைத்துப் பன்றி விலாவைப் புகையில் வேகவைப்பது பற்றிப் பேச்சு வந்தது. உடனே இரண்டு கட்சிகள் உருவாயின. ஒரு கட்சி, "இது அமெரிக்க மோகம். தமிழ் வாத்தியாருக்கு எதற்கு?" என்றது. மற்றொரு கட்சி, "அமெரிக்கனுக்கு முன்பே சங்கத் தமிழன் செய்துவிட்டான், புறநானூற்றைப் பார்" என்று மார்தட்டியது. அடுத்த நிமிடமே இரு கட்சியினரும் புதுக் கவிதைத் தொகுதிக்குப் போய்விட்டார்கள். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. இரு கட்சிகளையும் நாம் மறுக்கிறோம். இருவரும் தீயருகே நின்று பார்த்தவர்கள் அல்லர் என்பதே நம் குற்றச்சாட்டு. அதில் நமக்கும் பங்குண்டு.

முதல் கட்சிக்கு நீண்ட பதில் தேவையில்லை. சூரை மீனை அவித்து, புகையிட்டு, வெயிலில் உலர்த்திய மாசியை ஈழத்திலும் தூத்துக்குடிப் பக்கத்திலும் சம்பலாக அரைத்து உண்பவர்களுக்குப் புகை அந்நியம் அன்று. பன்றிதான் அந்நியம் என்றால், பெரும்பாணாற்றுப்படையைத் திறந்து பார்க்கலாம். குழியில் அடைத்துக் கொழுக்க வளர்த்த ஆண் பன்றியின் இறைச்சி அங்கே கள்ளோடு விருந்தாக வருகிறது. பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். செம்பாக்கம் இருப்பதும் அதே தொண்டை மண்டலத்தில்தான். பன்றிக் கறி என்றதும் முகஞ்சுளிப்பது பிற்காலத்துச் சாதிப் பழக்கம். அதற்குச் சங்கத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

இரண்டாம் கட்சியோடுதான் நமக்குப் பெரிய வழக்கு.

அவர்கள் சுட்டுவது புறநானூற்றின் 14-ஆம் பாட்டு. சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதன் கபிலரின் கையைப் பற்றி, "உம் கை மெல்லியதாக இருக்கிறதே" என்கிறான். கபிலர் விடை சொல்கிறார். யானையை அடக்கியும் குதிரையை இழுத்துப் பிடித்தும் வில் வளைத்தும் பரிசிலர்க்கு வாரி வழங்கியும் அரசனின் கை வலிதாயிற்று. அவனைப் பாடுவோர் கையோ உண்டு வருந்துவதைத் தவிர வேறு தொழில் அறியாதது, ஆதலால் மெல்லியது. அந்த உணவுப் பட்டியலில்தான், பச்சை இறைச்சிக்கு மலரின் மணமுள்ள புகை ஏற்றப்பட்ட செய்தி வருகிறது.

இப்பாட்டை நாம் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறோம். நயம் முழுதும் வல்லென்ற கைக்கும் மெல்லென்ற கைக்கும் உள்ள முரணில் இருப்பதாகச் சொல்லுவோம். புகை வரும் இடத்தில், "தாளிப்பின் மணம் என்று கொள்க" என்று கடந்துவிடுவோம். பழைய உரைகாரர் புகை என்றே எழுதியிருக்க, தாளிப்பாக்கியது நம் சோம்பல். ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். இராமநாதபுரம் பக்கம் ஊர், பெற்றோர் கரிமூட்டம் போடுகிறவர்கள். "ஐயா, அது தாளிப்பு இல்லீங்கய்யா. மூட்டம் வேகுறப்ப கடைசில புகை மெலிசா வரும், மணக்கும்" என்றார். வகுப்பு சிரித்தது. "பாடத்துக்கு வா தம்பி" என்றோம். அவர் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அவர் வகுப்பில் வாய் திறந்ததாக நினைவில்லை.

நிற்க.

அவர் சொன்னதன் பொருள் நமக்கு விளங்கச் சில ஆண்டுகளும் ஒரு தகர டிரம்மும் தேவைப்பட்டன. டிரம்மின் அடியில் ஒரு காற்றுத் துளை, மேல் மூடியில் ஒன்று, நடுவே கம்பி வலை, பக்கத்தில் ஒரு வெப்பமானி. இதில் என்ன வித்தை என்று நினைத்தோம். முதல் நாள் கரியைக் கொட்டி முழுவதையும் பற்ற வைத்தோம். முள் 180 டிகிரியைத் தாண்டியது. அஞ்சித் தண்ணீர் தெளித்தோம், 80-க்கு விழுந்தது. மறுபடி விசிறினோம். மூடியைத் திறந்து திறந்து பார்த்தோம். திறக்குந்தோறும் காற்றுப் புகுந்து நெருப்புச் சீறியது. வெண்புகை கிளம்பிப் பக்கத்து வீட்டுக் கொடித்துணியில் படிந்தது. அதற்கு வாங்கிய வசவு தனி. மாலையில் கிடைத்தது வெளியே கரிந்து உள்ளே சவ்வாய் நின்ற கசப்பான எலும்பு.

வழி காட்டியவர் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மா. "சார், நெருப்பைக் கிளறிக்கிட்டே இருந்தா அது எப்படி நிக்கும்? சாம்பலைப் போட்டு மூடி வுடுங்க, தானா இருக்கும்" என்றார். பட்டுப்புடவைக்கு ஒரு சூடு, கஞ்சி போட்ட வேட்டிக்கு ஒரு சூடு என்று ஒரே பெட்டிக் கரியில் நாளெல்லாம் வேலை செய்கிறவர் அவர். அவரிடம் வெப்பமானி இல்லை. தண்ணீர்த் துளி சீறும் ஓசைதான் அளவு.

அதன்பின் பாடம் மெல்லப் பிடிபட்டது. பற்றாத கரியைச் சரவெடி போல டிரம்மின் சுவரோரம் வளைத்து அடுக்கி, ஒரு முனையில் மட்டும் நாலைந்து கங்குகளை வைக்க வேண்டும். தீ அணி அணியாக நகரும். அடித் துளையை ஒரு விரல் அளவு திறந்தால் போதும். நெருப்பின் உணவு கரி மட்டுமன்று, காற்றும்தான். மேல் துளையை அடைக்கலாகாது. அடைத்தால் புகை உள்ளே தேங்கிக் கசக்கும். எதை மாற்றினாலும் கால் மணி நேரம் கைகட்டிக் காத்திருக்க வேண்டும். பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று வந்தால் துளையை அதற்குப் புறம் காட்டித் திருப்ப வேண்டும். உள்ளே ஒரு தட்டில் நீர் வைத்தால் சூட்டின் ஏற்ற இறக்கம் தணியும்.

இவ்வாறு 110-க்கும் 120-க்கும் இடையே ஐந்தாறு மணி நேரம் முள்ளை நிறுத்த வேண்டும். ஏன் இவ்வளவு பொறுமை? விலாவைப் பிணைத்திருக்கும் கொலாஜன் 70 டிகிரியை ஒட்டித்தான் மெல்ல இளகத் தொடங்குகிறது. இறைச்சியின் உள்சூடு 90-ஐத் தாண்டும்போது அது குழைந்திருக்கும். அவசரப்பட்டால் தசையின் நீர் வற்றிவிடும், பிணைப்பு இளகியிராது. நடுவே 65, 70 டிகிரியில் இறைச்சியின் சூடு ஏறாமல் மணிக்கணக்கில் நிற்கும். மண்பானை நீர் குளிர்வதைப் போல, மேற்பரப்பில் ஈரம் ஆவியாகிச் சூட்டைத் தின்றுகொண்டிருக்கும் நேரம் அது. நெருப்பு போதவில்லை என்று எண்ணிக் கரியை அள்ளிப் போடுகிறவன் அங்கேதான் தோற்கிறான்.

சூடு நிலைத்தபின் வெண்புகை அடங்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலம் பாய்ந்த மெல்லிய புகை வரும். மரத்தின் லிக்னின் சிதைந்து குவாயக்கோல், சிரிங்கோல், வெனிலின் முதலிய மணப்பொருள்கள் பிறக்கின்றன என்று வேதியியல் சொல்கிறது. அந்தப் புகை மூக்கில் பட்ட முதல் நாள், கடைசி வரிசை மாணவரின் குரல் நமக்குக் கேட்டது. கபிலர் சொன்ன பூமணம் வெறும் புனைந்துரையாக இருக்க வேண்டியதில்லை. கசக்கும் புகையிலிருந்து மணக்கும் புகையைப் பிரித்தறிந்த ஒருவர் அந்த அடுக்களையில் இருந்திருக்க வேண்டும் என்பது நம் துணிபு.

மூட்டம் போடுகிறவர்களின் வேலையை எண்ணிப் பாருங்கள். விறகை அடுக்கி, தழையும் மண்ணும் கொண்டு மூடி, உள்ளே தீயிட்டு, நாள்கணக்கில் இரவும் பகலும் காக்கிறார்கள். துளைகளைத் திறந்தும் அடைத்தும் காற்றை அளக்கிறார்கள். புகையின் நிறத்தைக் கொண்டே உள்ளே நடப்பதை அறிகிறார்கள். மண் பிளந்து காற்றுப் புகுந்தால் உழைப்பெல்லாம் சாம்பல். அவர்கள் எரிக்கும் சீமைக் கருவேலம், டெக்சாஸில் இறைச்சிக்குப் புகையிட எரிக்கும் மெஸ்கீட் மரத்தின் இனம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 'பார்பெக்யூ' என்ற சொல்லும் கரீபியத் தீவுகளின் தைனோ மக்களிடமிருந்து ஸ்பானிய மொழி வழியாகப் பரவியதே. எனவே "எல்லாம் நம்மிடமிருந்தே போயிற்று" என்னும் பெருமை ஒரு மூட்டை கரியின் முன்னால்கூட நிற்காது.

ஆனால் அந்தப் பெருமையின் உண்மையான பிழை வரலாற்றுப் பிழை அன்று. அந்தப் பாட்டில் மூன்றாவதாக ஒரு கை இருக்கிறது. அரசனின் கை வலிது என்று பாடப்பட்டது. புலவரின் கை மெல்லிது என்று பாடப்பட்டது. புகையூட்டிய கை பாடப்படவே இல்லை. "சங்கத் தமிழன் செய்தான்" என்கிறவர்கள், அந்தச் சங்கத் தமிழன் வில்லேந்தியவனா, யாழேந்தியவனா, அடுப்படியில் வெந்தவனா என்று ஒருபோதும் கேட்பதில்லை. புகழ் வேண்டும்போது எல்லோரும் தமிழர். அந்தத் தொழிலை இன்றும் அறிந்த குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் எழுந்து பேசினால், பாடத்துக்கு வா என்கிறோம்.

"கவிதை சமையல் குறிப்பன்று" என்று நண்பர் ஒருவர் மறுப்பார். உண்மைதான். கபிலர் மீது நமக்கு வழக்கில்லை. அவர் தம் கை மெல்லியது என்று சொல்லி நகைக்கவாவது செய்தார், புகையையும் மறவாமல் சொன்னார். அதைத் தாளிப்பாக்கிய உரை நம்முடையது. பொருள் தெரியாத இடத்தில் நயம் பேசி ஒப்பேற்றுவதை இலக்கிய வாசிப்பு என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். தொழிலறிவு இல்லாத உரை, சூடு நிலைக்காத அடுப்பைப் போன்றது. புகை நிறைய வரும், உள்ளே ஒன்றும் வெந்திராது.

இந்த ஆண்டும் அந்தப் பாட்டு நம் வகுப்புக்கு வருகிறது. புகை என்ற சொல் வரும்போது நிறுத்தி, "இங்கே யார் வீட்டில் மூட்டம் போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்பதாக இருக்கிறோம். அந்த மாணவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. தெரிந்தால் முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். விலா அதற்குப் பிறகு.