நொய்யற்கரை நடைவழி

கற்றோருட் பலர் தம் நாட்டைக் காலால் அறியார். புகைவண்டியேறிச் சென்னையை அறிவர். வானவூர்தியேறிப் பிறநாடுகளை அறிவர். தாம் பிறந்த சிற்றூரிலிருந்து அடுத்த சிற்றூருக்குச் செல்லும் தடம் எதுவென வினவின் விழிப்பர். இக்குறை நம் கொங்குநாட்டு மாணாக்கரிடத்தும் உண்டென்பதை யான் வருத்தத்தோடு ஒப்புக்கொள்கின்றேன். யானும் நெடுங்காலம் அக்குறையுடையேனாகவே இருந்தேன். ஆதலின் ஈண்டுக் கூறப்புகுவது பிறரைக் குறை காண்பதன்று. என்னையும் உளப்படுத்தி நம் அனைவரையும் நோக்கிக் கூறுவதேயாம்.

என் கருத்தை முதற்கண்ணே சுருங்கக் கூறிவிடுகின்றேன். பேரூர் தொடங்கி நொய்யலாறு காவிரியோடு கூடும் இடம் வரையில், ஆற்றங்கரையை ஒட்டியும் பழைய இட்டேரிகளின் வழியாகவும், நடந்து செல்வார்க்கென ஒரு தொடர்வழி குறிக்கப்பெறல் வேண்டும். புதிதாக ஒன்றை அமைக்க வேண்டுவதில்லை. உள்ளதைக் காத்துக் குறித்தாற் போதும். அங்ஙனம் செய்யாவிடின், இன்னும் ஒரு தலைமுறையில் அவ்வழியும் இராது. அவ்வழியால் நாம் அறியத்தக்க வரலாறும் நம் நினைவை விட்டு அகன்றுவிடும்.

நொய்யல் சிற்றாறே. வெள்ளிங்கிரி மலைச்சாரலிற் பிறந்து, கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் என்னும் நான்கு மாவட்டங்களின் வழியே நூறு மைலுக்குச் சிறிது மேற்பட ஓடி, தன் பெயரையே தாங்கிய நொய்யல் என்னும் ஊரின் அருகே காவிரியில் கலக்கின்றது. இதன் பழம்பெயர் காஞ்சி என்பது. ஆண்டு முழுவதும் நீர் பெருகும் ஆறன்று. மலையில் மழை பெய்யின் பெருகும், பெய்யாவிடின் மணலாய்க் கிடக்கும். எனினும் இச்சிற்றாற்றின் கரையில் நிகழ்ந்த வரலாறு பேராறுகள் பலவற்றிற்கும் வாய்த்திலது. காரணம் யாதெனில், மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளிபடும் பாலைக்காட்டுக் கணவாய்க்கு நேர் கிழக்கே இது கிடத்தலேயாம். சேரநாட்டுக் கடற்கரையாகிய முசிறியிலிருந்து கருவூருக்கும், அங்கிருந்து சோழநாட்டிற்கும் செல்வார்க்கு இப்பள்ளத்தாக்கே இயற்கை வகுத்த பாதையாயிற்று.

அப்பாதையில் நடந்தோர் விட்டுச்சென்ற அடையாளங்கள் இன்றும் உள்ளன. கோயமுத்தூரை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்துக் குன்றில், இராசகேசரிப் பெருவழி என இவ்வழியின் பெயரைக் கூறும் கல்வெட்டு, தமிழெழுத்திலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டுளது. ஆற்றிற்குச் சிறிது தென்பால் உள்ள வெள்ளலூரில், 1842-ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும், உரோமப் பேரரசர் அகஸ்டஸ், திபேரியஸ் என்போர்தம் வெள்ளிக்காசுகள் புதையலாய்க் கிடைத்தன. இன்னும் கிழக்கே சென்னிமலைக்கு மேல்பால் வடகரையில் கொடுமணல் உளது. பதிற்றுப்பத்து 67, 74 ஆகிய பாடல்களில் கொடுமணம் என்று கூறப்படும் ஊர் இதுவே என்பர் ஆராய்ச்சியாளர். 1985-ஆம் ஆண்டு முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் பின்னர்ப் பிறரும் அகழ்ந்து பார்த்தபோது, இரும்பு உருக்கிய உலைகளும், பளிங்கு, சூதுபவளம், பச்சைக்கல் முதலியவற்றைத் துளைத்து மணிகள் செய்த தொழிற்கூடங்களும், தமிழி எழுத்துக்களில் ஆட்பெயர் கீறிய பானையோடுகள் நூற்றுக்கணக்கிலும் வெளிப்பட்டன. அரசர் பெயரன்று, வணிகரும் தொழிலாளரும் ஆகிய எளியோர் பெயர்களே அவ்வோடுகளில் மிகுதி. எழுத்தறிவு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே இவ்வாற்றங்கரையில் எளியோர்பாலும் பரவியிருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இவையெல்லாம் நூல்களில் உள்ளனவே, நடந்து காண்பதனால் ஆவதென்னை என்று ஒருவர் வினவலாம். மகிழுந்தில் ஏறிச் செல்வார்க்குப் பேரூர் ஓரிடம், வெள்ளலூர் ஓரிடம், கொடுமணல் ஓரிடம். ஒன்றற்கொன்று தொடர்பில்லாத புள்ளிகள். நடந்து செல்வார்க்கோ அவை ஒரே நூலிற் கோத்த மணிகள். பச்சைக்கல் கிடைத்த படியூர் கொடுமணலிலிருந்து ஒருநாள் நடைக்குள் அடங்கும் என்பதை நூல் கூறும். ஆனால் அதனை நடந்து கண்டவனுக்கே, கல் வெட்டுவோனும் மணி துளைப்போனும் அதனை வாங்கிச் சுமந்து செல்வோனும் எங்ஙனம் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்தனர் என்பது விளங்கும். தொலைவு என்பது எண்ணன்று. அது காலின் களைப்பும், நிழலின் அருமையும், அடுத்த கிணற்றின் நினைவும் ஆம்.

இனி இட்டேரி என்பதைப்பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். கொங்குநாட்டார்க்கு இச்சொல் புதிதன்று. எனினும் நகரிற் பிறந்து வளர்ந்த இளைஞர் பலர் இதனைக் கேட்டதுமிலர். இருபுறமும் உயிர்வேலி வளர்ந்து நிற்க, நடுவே வண்டியும் மாடும் செல்லுமாறு அமைந்த குறுகிய தடமே இட்டேரியாம். வேலியில் கிளுவையும் கள்ளியும் அடர்ந்து நிற்கும். அவற்றின்மேல் கோவையும் பிரண்டையும் வேலிப்பருத்தியும் படரும். உள்ளே கௌதாரி அடையும், கீரி ஓடும், ஓணான் தலையசைக்கும். காங்கேயத்துப் பக்கத்தில் இவ்விட்டேரிகள் கொரங்காடுகளினூடே செல்லும். கொரங்காடாவது, கிளுவை வேலி சூழ்ந்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்ந்த மேய்ச்சல் நிலம். காங்கேயம் காளைகளின் உரம் அப்புல்லின் உரமே என்பர் குடியானவர். கிளுவைக்குச் செலவில்லை, கம்பை வெட்டி நட்டால் தழைக்கும். மழை குறைந்த நாட்டில், மண்ணையும் மாட்டையும் மனிதனையும் ஒருங்கே வாழவைக்க நம் முன்னோர் கண்ட வழி இது.

சென்ற ஆண்டு மார்கழியில் நண்பர் இருவருடன் அப்பக்கத்து இட்டேரியொன்றில் நடந்து சென்றேன். அரைமைல் சென்றதும் தடம் திடுமென முடிந்தது. கிளுவை வேலியைக் களைந்துவிட்டுக் கம்பிவேலி இட்டிருந்தனர். மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை வழி கேட்டோம். அவர் கம்பிக்கு அப்பால் கைகாட்டி, "இதுதானுங்க தடம், எங்கப்பாரு காலத்துல சந்தைக்கு வண்டி போனதுங்க, இப்பப் போறதுக்கு ஆளில்லீங்க, அதனால அடைச்சுப்போட்டாங்க," என்றார். அவர் சொல்லில் சினமில்லை, குறையுமில்லை. ஆயினும் அச்சொல் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. தடத்தை அழித்தவன் கம்பியிட்டவன் மட்டுமல்லன். நடவாமல் விட்ட நாமும் அன்றோ? நடப்பார் இல்லாத வழி நாளடைவில் வழியன்று என்பதே உலகியல்.

இந்நிலை நமக்கே உரியதன்று. ஸ்பெயின் நாட்டின் வரலாறு இவ்விடத்து நமக்கு நல்ல படிப்பினையாகும். அந்நாட்டில் ஆட்டுமந்தைகளைக் கோடைக்கு மலைக்கும் குளிர்காலத்திற்குச் சமவெளிக்கும் ஓட்டிச்செல்ல நாடெங்கும் மந்தைவழிகள் இருந்தன. 1273-ஆம் ஆண்டில் பத்தாம் அல்போன்சோ அரசன் மந்தையாளர் சங்கமாகிய மெஸ்தாவுக்கு உரிமைப்பட்டயம் அளித்தான். அச்சங்கம் 1836-ஆம் ஆண்டில் ஒழிந்தது. புகைவண்டி வந்தது, மந்தைகள் குறைந்தன, வழிகளை அக்கம்பக்கத்தார் உழுதுகொண்டனர். ஆயின் அந்நாட்டார் அதனோடு விட்டாரல்லர். 1995-ஆம் ஆண்டில் தனிச்சட்டம் ஒன்று இயற்றி, மந்தைவழிகள் யாவும் பொதுவுடைமை; அவற்றை விற்றலும் கூடாது; எத்துணை ஆண்டு அனுபவித்தாலும் ஒருவர்க்கு அவை உரிமையாகா என்று விதித்தனர். மாடும் ஆடும் செல்லாத காலத்து மக்கள் நடந்து செல்லலாம் என்றும் அச்சட்டமே கூறுகின்றது. ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் மலைச்சாரல்களிலும் உள்ள நெடுவழிகட்கு வெண்மையும் சிவப்பும், குறுவழிகட்கு வெண்மையும் மஞ்சளும் ஆகிய கோடுகளைக் கல்லிலும் மரத்திலும் தீட்டிவைத்துள்ளனர். பெருஞ்செலவில்லை, சிறிது வண்ணமும் சிறிது ஊக்கமுமே வேண்டுவன. அக்கோட்டை நம்பி நடக்கும் வெளியூரார்க்குச் சிற்றூரார் உணவும் உறையுளும் அளித்து ஊதியமும் பெறுகின்றனர்.

நம்மவர்க்கு நடை புதிதன்று. தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடப்போர் எத்துணையர்! வெள்ளிங்கிரியின் ஏழு மலைகளையும் மூங்கிற்கழி ஊன்றி ஏறுவோர் எத்துணையர்! கோவை நகரில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் ஆகியவற்றின் கரைகள் நடைபாதைகளாய்ச் செப்பனிடப்பட்ட பின்னர், மாலைதோறும் மக்கள் ஆங்குத் திரள்கின்றனர். ஆதலின் நடக்க ஆளில்லை என்பது பொருந்தாது. ஆயினும் குளத்தைச் சுற்றிவருதல் உடற்பயிற்சி. ஓரூரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லுதலே வழிச்செலவு. முன்னது உடலை வளர்க்கும். பின்னது உடலோடு அறிவையும் வளர்க்கும்.

என் கருத்திற்கு எதிராக மூன்று தடைகள் கூறப்படலாம். முதலாவது, சாயநீர் ஓடிய ஆற்றின் கரையில் யார் நடப்பர் என்பது. மறுக்கவொண்ணாத தடையே. பாசனத்திற்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயநீரின் தேக்கமாய் மாறி, கீழ்ப்புறத்து நிலங்களையும் கிணறுகளையும் கெடுத்ததை நாடறியும். 2011-ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட நேர்ந்தது. கழிவுநீரை முற்றும் சுத்திசெய்து மீளப் பயன்படுத்தினாலன்றித் தொழில் நடத்தலாகாது என்பதே அவ்வாணையின் கருத்து. நகரங்களின் சாக்கடையோ இன்னும் ஆற்றிலேயே விழுகின்றது. எனினும் யான் கேட்கின்றேன்: ஆறு கெட்டது யாருக்கும் தெரியாமற் போனதேன்? கரையில் நடப்பார் ஒருவரும் இன்மையாலன்றோ? குடியானவன் ஒருவன் மட்டுமே கண்டான். அவன் குரல் நீதிமன்றத்தை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. ஆண்டுதோறும் ஆயிரம் மாணாக்கர் கரைவழியே நடப்பின், கெடுதி நேர்ந்த மறுநாளே ஆயிரம் சாட்சிகள் இருப்பர். தூய்மை வந்தபின் நடப்போம் என்பது, நீந்தக் கற்றபின் நீரில் இறங்குவோம் என்பது போலாம்.

இரண்டாவது தடை நிலமுடையாரைப்பற்றியது. அயலார் வந்து வேலியை முறிப்பர், படலைத் திறந்துவிடுவர், குப்பையை எறிவர், மாட்டை வெருட்டுவர் என அவர்கள் அஞ்சுதல் நியாயமே. ஆதலின் இவ்வழி தனியார் நிலத்திற் புகுதலாகாது. இட்டேரிகளுட் பல வருவாய்த்துறைக் கணக்கில் பாதைப் புறம்போக்கு என்றே பதிவாகியுள்ளன. அவற்றை மட்டுமே முதலில் கொள்ளல் வேண்டும். நடப்போரும் சில கட்டுப்பாடுகளை மேற்கொள்ளுதல் கடன். திறந்த படலை மூடிச்செல்க. கொண்டுசென்ற பொருளின் மிச்சத்தைக் கொண்டே மீள்க. ஒரு கிளுவைக் கம்பையும் ஒடியற்க. இம்மூன்றையும் காக்க இயலாதவன் நகரிலேயே இருத்தல் நன்று.

மூன்றாவது, காட்டுவிலங்கினைப்பற்றிய அச்சம். பேரூருக்கு மேற்கே மலையடிவாரம் யானைகள் வழங்கும் இடம். ஆங்கு நமக்கு வழி வகுத்தல் அவற்றின் வழியைப் பறித்தலாகும். அதுபற்றியே யான் மலையிலிருந்து தொடங்காது பேரூரிலிருந்து தொடங்குக என்றேன். யானைக்கும் ஒரு பெருவழி உண்டு. அதனை அதற்கே விட்டுவிடுதல் அறம்.

செய்யத்தக்கது யாது? அரசினரை எதிர்நோக்கி இருக்கவேண்டா. ஒவ்வொரு மாணாக்கனும் விடுமுறையில் தன் ஊருக்குச் சென்று, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ஊர் வரைபடத்தைக் கண்டு, அதிற் காணும் இட்டேரிகள் யாவை, இன்று எஞ்சியவை யாவை, அடைபட்டவை யாவை என நடந்து கண்டு எழுதிவருக. முதியோரிடம் அத்தடங்களின் பெயர்களையும் கேட்டு எழுதுக; பெயர் அழியின் தடமும் அழியும். வரலாறு பயில்வோர் கல்வெட்டுக்களையும், செடிநூல் பயில்வோர் வேலிகளையும், இரசாயனம் பயில்வோர் ஆற்றுநீரையும் ஆராய்க. அங்ஙனம் திரட்டியதை அவ்வவ்வூர்க் கிராமசபையில் வைத்து, இட்டேரி பொதுவுடைமை எனத் தீர்மானம் பெறுக. முதற்பகுதியாகச் சென்னிமலைக்கும் கொடுமணலுக்கும் இடையே உள்ள வழியைக் குறித்தாற் போதும். தை மாதத்து இளவெயிலில் ஒரே நாளில் நடந்துவிடலாம். ஒன்று நிலைபெறின் மற்றவை தாமே தொடரும்.

அன்புடைய மாணாக்கர்காள்! கொடுமணலில் பானையோட்டில் தன் பெயரைக் கீறிய ஒருவன், அப்பெயரை நாம் படிப்போம் என எண்ணியிரான். அவன் நடந்த தடம் மட்டும் அவனுக்குப் பின் எத்தனையோ தலைமுறைகளின் கால்பட்டு நம் காலம் வரை வந்துளது. அது நம்மோடு முடிதல் தகுமோ? வரும் விடுமுறையில் ஒருநாளேனும் செருப்பை இறுகக் கட்டி இட்டேரியில் இறங்குங்கள். அம்முதியவர் இன்னும் அக்கம்பிவேலியின் அருகே மாடு மேய்த்துக்கொண்டிருப்பார். நடப்பதற்கு ஆள் வந்துவிட்டது என்று அவர் ஒருமுறை சொல்லக் கேட்பின், இக்கட்டுரையின் பயன் அதுவே.