பழைய கணனி பூட்டுவோர் கவனத்திற்கு

பழைய விளையாட்டுகளை ஆடுவதற்கென்றே பழைய கணனியொன்றைத் தேடிப் பூட்டுவோர் இந்நாட்டில் பலர் உளர். பெற்றோருக்கு இது வீண்செலவாகத் தோன்றலாம். நாம் அவ்வாறு கருதவில்லை.

புதிய கணனியில் அவற்றை ஆட இயலாதா எனில், இயலும். 2002 இல் வெளிவந்த டொஸ்பொக்ஸ் என்னும் இலவச மென்பொருள் பழைய கணனியைப் போலவே நடிக்கும். விளையாட்டு மாத்திரமே வேண்டுவோருக்கு அதுவே போதும். ஆயினும் 1980களில் எழுதப்பட்ட விளையாட்டுகள் பல தமது ஓட்டத்தைக் கணனியின் வேகத்திலிருந்தே பெற்றன. வேகமான கணனியில் அவை கண்மூடித்தனமாய் ஓடின. பழைய பெட்டிகளின் முகப்பிலிருந்த 'டர்போ' பொத்தான் உண்மையில் வேகத்தைக் குறைப்பதற்கே பயன்பட்டது. 1989 இன் 'பிரின்ஸ் ஒஃப் பேர்சியா'வையும் 1993 இன் 'டூம்' விளையாட்டையும் அக்காலத் திரையில் காண விரும்புவோர் 486 இனப் பலகை ஒன்றையும் 'சவுண்ட் பிளாஸ்டர்' ஒலி அட்டை ஒன்றையும் தேடுவது இதனாலேயே.

ஐசலின் வாசகர்கள் இதற்காக வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. கார்டன் ஸ்டேட் பார்க்வே வழியே தெற்கே ஏறத்தாழ 35 மைல் சென்றால் வோல் நகர்ப்பகுதியில், முன்னாளில் காம்ப் எவன்ஸ் என்ற இராணுவ ஆய்வுத்தளமாயிருந்த இடத்தில், பழங்கணனிக் காட்சியகம் ஒன்று உண்டு.

பூட்டுவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். பழைய பலகையிலுள்ள மின்கலம் கசிந்து செப்புத் தடங்களை அரித்துவிடும். முதலில் அதனைக் கழற்றுக. கண்ணாடிக் குழாய்த் திரையின் உட்பகுதியைத் தொடவே வேண்டாம். மின்னிணைப்பை அகற்றிய பின்னரும் அதனுள் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இனி எமது கரிசனைக்கு வருவோம். 1990களில் எம்மவர் தமிழில் தட்டச்சிட்ட கடிதங்கள், சங்க அறிக்கைகள், ஊர் நினைவுக் குறிப்புகள், பிள்ளைகளுக்கான பாடங்கள் முதலியன சிறு தட்டுகளில் சேமிக்கப்பட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. நூலகம் எரிந்த கதையை இன்றும் சொல்லி வருந்தும் நாம், வீட்டிலிருப்பது மக்கிப்போவதைக் காண்பதில்லை. 3.5 அங்குலத் தட்டை வாசிக்கும் சிறு கருவி இன்றும் கடையில் கிடைக்கும். 5.25 அங்குலத் தட்டுக்கோ பழைய இயக்கியும் அதனைப் பூட்டத்தக்க பலகையும் பெரும்பாலும் தேவை. விளையாட்டுக்கெனப் பூட்டிய கணனியிடம் இவையிருக்கும்.

வாசித்தபின் தோன்றுவது தமிழாக இராது. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று எழுதியது எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என ஆங்கிலக் குவியலாய் நிற்கும். கலங்க வேண்டாம். எழுத்துரு இன்னதெனத் தெரிந்தால் ஒருங்குறிக்கு மாற்றுவது எளிது. தெரியாவிடின் அக்காலத்தில் தட்டச்சிட்டவரைக் கேட்டறிய வேண்டும். அவர்களும் முதுமையடைந்து வருகின்றனர்.

ஆதலின் கணனி பூட்டும் பிள்ளையிடம் வீட்டுத் தட்டுகளையும் ஒப்படையுங்கள். 3.5 அங்குலத் தட்டாயின் மூலையிலுள்ள சிறு அடைப்பைத் தள்ளித் துளையைத் திறந்துவிட்டால் அதன்மேல் எதுவும் எழுதப்படாது. முதலில் தட்டு முழுவதையும் பிரதியெடுத்து, பின்னர் பிரதியையே திறந்து பார்க்கட்டும். 'போர்மற் செய்யவா?' என்று கணனி கேட்டால் மட்டும், இல்லை என்றே விடையளிக்கட்டும்.