ரிப்பேர் செய்யும் முன் காப்பி எடுங்கள்!

ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். குழந்தையின் காதுகுத்து, அக்கா கல்யாணம், ஊர்த் திருவிழா என்று வருடக்கணக்கில் சேர்த்து வைத்த போட்டோக்களைத் திறக்கிறீர்கள். படங்கள் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள். சில படங்கள் பாதிதான் தெரிகின்றன. சில படங்களை கிளிக் செய்தால் பிழைச் செய்தி வருகிறது. என்ன செய்வீர்கள்?

பெரும்பாலானவர்கள் பதறிப்போய் உடனே ஏதாவது செய்வார்கள். போட்டோ புரோகிராமை நீக்கிவிட்டு மறுபடியும் இன்ஸ்டால் செய்வார்கள். கண்ணில் பட்ட ரெகவரி சாப்ட்வேரை டவுன்லோட் செய்வார்கள். எதுவும் பலிக்காவிட்டால், "பார்மட் அடிச்சுப் பார்க்கலாம்" என்று யாராவது சொல்வதைக் கேட்பார்கள்.

என் கருத்து இதற்கு நேர் எதிரானது. நான் பார்த்தவரை, வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டோக்கள் பழுதினால் அழிவதைவிட, பழுது பார்க்கிறேன் என்று நாம் செய்யும் அவசர வேலையால் அழிவதுதான் அதிகம். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நானே செய்த தவறு இது.

புயலுக்குப் பிறகு நடந்தது

எங்கள் ஊர் கடலூர் மாவட்டத்தில் உள்ள விருத்தாசலம். செராமிக் தொழிற்பேட்டையும் செராமிக் தொழில்நுட்பப் பயிலகமும் இருப்பதால் பீங்கான் ஊர் என்றே பலர் சொல்வார்கள். என் அப்பா மின்சார ஃபியூஸ் கேரியர் செய்யும் ஒரு சிறிய பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தார். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல நாள் கரண்ட் இல்லை. வந்த பிறகும் நிலையாக நிற்கவில்லை. எங்கள் வீட்டு யூ.பி.எஸ். பேட்டரியோ எப்போதோ செத்துப் போயிருந்தது.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாலைந்து முறை கரண்ட் போய்ப் போய் வந்தது. அடுத்த நாள் பிக்காசாவைத் திறந்தால் சாம்பல் கட்டங்கள்! வீட்டிலேயே கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான்தான் என்ற நினைப்பு எனக்கு. புரோகிராமை நீக்கினேன், சரியாகவில்லை. கடைசியில் சி டிரைவ், டி டிரைவ் இரண்டையும் பார்மட் செய்து விண்டோஸ் எக்ஸ்.பி.யைப் புதிதாக ஏற்றினேன். கம்ப்யூட்டர் பளிச்சென்று ஓடியது. காலியாகக் கிடந்த டி டிரைவில் சினிமாப் படங்களைக் காப்பி செய்து நிரப்பினேன். போட்டோக்கள் கரண்ட்டால் போய்விட்டன என்று வீட்டில் சொன்னேன். அப்பா நம்பினார்.

உண்மையில் கெட்டது எது?

இன்ஜினியரிங் படிக்கும்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே புரிந்தது. போட்டோ லைப்ரரி என்பதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று படங்கள். இன்னொன்று, எந்தப் படம் எங்கே இருக்கிறது, எந்த ஆல்பத்தில் உள்ளது என்று குறித்து வைக்கும் பட்டியல். நூலகத்தில் அலமாரியும் பதிவேடும் இருப்பதைப் போல. பதிவேடு நனைந்து போனால் புத்தகங்கள் அழிந்து போனதாக அர்த்தமில்லை.

பிக்காசா தன் பட்டியலை சி டிரைவில் தனியாக வைத்திருந்தது. எங்கள் படங்கள் இருந்ததோ டி டிரைவில். அந்தப் போல்டரை நேரடியாகத் திறந்து ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். நான் பார்க்கவில்லை.

பிக்காசாவைக் கூகுள் 2016-ல் நிறுத்திவிட்டது. ஆனால் இன்று நீங்கள் பயன்படுத்தும் போட்டோ புரோகிராம்களும் இதே போலப் படம் வேறு, பட்டியல் வேறு என்றுதான் வைத்துக்கொள்கின்றன. கரண்ட் திடீரென்று போகும்போது, எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் பைல்தான் பெரும்பாலும் அடிபடும். பட்டியல் அடிக்கடி எழுதப்படுவது. வருடக்கணக்கில் சும்மா இருக்கும் படம் அப்படியல்ல.

விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறை, கரண்ட் போனாலும் டிஸ்க்கின் அமைப்பைச் சரிசெய்துகொள்ள ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. அது காப்பாற்றுவது பைலின் பெயர், இடம் போன்ற விவரங்களைத்தான். பாதி எழுதிய பைலின் உள்ளடக்கத்தை அல்ல.

தபால்தலை அளவில் பாட்டி

பழைய ஹார்ட் டிஸ்க் பரணில் கிடந்தது. கல்லூரி மூன்றாம் ஆண்டில் அதை எடுத்து போட்டோரெக் என்ற இலவச சாப்ட்வேரை ஓட்டினேன். ஹார்ட் டிஸ்க்கில் குவிக் பார்மட் செய்தாலும் படத்தின் தகவல் உடனே அழிவதில்லை. 'இந்த இடம் காலி' என்று குறிப்பு மட்டும் மாறுகிறது. அதன்மேல் வேறு பைல் எழுதப்படும்போதுதான் பழையது நிஜமாக அழிகிறது. போட்டோரெக், டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை படித்து, ஜேபெக் படத்தின் தொடக்க அடையாளம் எங்கே இருக்கிறது என்று தேடி மீட்கும். பைல் பெயர்கள் மட்டும் திரும்பி வராது.

ஏறக்குறைய பாதிப் படங்கள் கிடைத்தன. பாட்டி கார்த்திகை தீபத்தன்று திண்ணையில் அகல் விளக்குகளோடு உட்கார்ந்திருந்த படமும் வந்தது. பாட்டி இறப்பதற்கு முன் எடுத்த கடைசிப் படம் அது. மேலே ஓட்டுக்கூரையும் பாட்டியின் நெற்றியும் தெரிந்தன. அதற்குக் கீழே முழுவதும் சாம்பல் நிறம். கேமராவில் எடுக்கும் ஜேபெக் படம் மேலிருந்து கீழாக எழுதப்படுவது. நடுவில் தகவல் அறுந்தால் அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. அந்த இடத்தின் மேல் எழுதப்பட்டிருந்தவை நான் ஏற்றிய சினிமாப் படங்கள். பாட்டியின் முகத்தைப் புயல் அழிக்கவில்லை, நான்தான் அழித்தேன்.

ஒரே ஒரு ஆறுதல். கேமராக்கள் ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் 160-க்கு 120 பிக்ஸல் அளவில் ஒரு சிறு நகலைச் சேர்த்து வைக்கும். அது தப்பியிருந்தது. தபால்தலை அளவில் பாட்டி முழுதாகக் கிடைத்தார். அப்பாவிடம் அதைக் காட்டி உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சூளைக்குப் போறதுக்கு முன்னாடி விரிசல் தெரிஞ்சா மண்ணைத் திரும்பப் பிசைஞ்சுக்கலாம். சுட்டப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது, தம்பி" என்றார்.

நீங்கள் செய்ய வேண்டியது

சென்ற ஆண்டு அம்மா போன் செய்தார். "படமெல்லாம் கட்டம் கட்டமா வருதுடா" என்றார். "எதையும் தொடாதம்மா, ஆஃப் பண்ணி வை, நான் வரேன்" என்றேன். அங்கே போய் நான் செய்ததை அதே வரிசையில் சொல்கிறேன்.

1. கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள், காப்பி செய்யாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். அது டேட்டா மீட்பு நிபுணர் பார்க்க வேண்டிய வேலை.

2. போட்டோ புரோகிராமை மூடிவிட்டு, படங்கள் உள்ள போல்டரை நேரடியாகத் திறந்து பாருங்கள். படங்கள் அங்கே நன்றாகத் திறந்தால் கெட்டது பட்டியல் மட்டுமே.

3. அந்தப் போல்டர் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி செய்யுங்கள். நல்லது, கெட்டது என்று பிரிக்க வேண்டாம். இது முடியும் வரை வேறு வேலை இல்லை.

4. பிறகு பட்டியலைச் சரிசெய்யுங்கள். விண்டோஸ் போட்டோஸ் என்றால் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதியில் அதன் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குச் சென்று முதலில் 'ரிப்பேர்', சரியாகாவிட்டால் 'ரீசெட்' கொடுங்கள். மேக் கம்ப்யூட்டரில் ஆப்ஷன், கமாண்ட் கீகளை அழுத்திக்கொண்டே போட்டோஸைத் திறந்தால் லைப்ரரியைப் பழுது பார்க்கும் வசதி வரும்.

5. டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் கட்டளையைக் காப்பி எடுத்த பிறகே ஓட்டுங்கள். அழிந்த படங்களை மீட்பதானால் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் இணைத்து, மீட்ட படங்களை வேறு டிஸ்க்கில் சேமியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. புதிய கம்ப்யூட்டர்களில் இருப்பது எஸ்.எஸ்.டி. அதில் 'டிரிம்' என்ற வசதி, அழித்த பைல்களின் இடத்தைச் சீக்கிரமே உண்மையாகத் துடைத்துவிடும். எனக்குக் கிடைத்த பாதிப் படங்கள்கூட உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

அம்மாவின் கம்ப்யூட்டரில் ஒன்பது படங்கள் மட்டுமே கெட்டிருந்தன. ஏழு படங்கள் பழைய பேக்கப்பில் நன்றாக இருந்தன. வேலை ஒரு மாலையில் முடிந்தது.

பேக்கப் இருந்தால் போதுமா?

"எல்லாம் ஆன்லைனில் ஏறிவிடுகிறதே, இதெல்லாம் எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆன்லைன் சேமிப்பு நல்லதுதான். ஆனால் போனும் கம்ப்யூட்டரும் ஆன்லைன் கணக்கும் ஒன்றோடொன்று இணைந்திருந்தால், ஓரிடத்தில் அழித்தது எல்லா இடத்திலும் அழியும். அது ஒரே படத்தை மூன்று ஜன்னல் வழியாகப் பார்ப்பது போன்றதுதான்.

1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பைல்களில் பெரும்பகுதி ஒரு தவறான கட்டளையால் அழிந்தது. பேக்கப் இருக்கிறது என்று நம்பியிருந்தார்கள், அது சரியாக வேலை செய்யவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு பெண் தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த காப்பிதான் படத்தைக் காப்பாற்றியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை!

எனவே மூன்று காப்பிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதி இது. மாதம் ஒரு முறை பேக்கப்பிலிருந்து பத்துப் படங்களையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று சொல்வதில்லை.

சர்வீஸுக்குக் கம்ப்யூட்டரைக் கொடுக்கும்போது "உள்ளே போட்டோ இருக்கிறது, கேட்காமல் பார்மட் செய்யாதீர்கள்" என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய பிரேமுக்கு நடுவே தபால்தலை அளவில் பாட்டி படம் மாட்டியிருக்கிறது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது, அதனால் அப்படியே விட்டுவிட்டோம். உங்கள் வீட்டுப் படங்கள் முழு அளவில் இருக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு காப்பி எடுத்துவிடுங்கள்.